குடல் நோய்க்கு ஆகும் செலவு: பச்சை அட்டை நோட்டிலிருந்து சில பதில்கள்

சென்ற இதழில் என் குடல் நோயைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். 2010-ல், 31 வயதில், எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று தெரிந்தது. பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகி, ரத்தமும் சளியுமாக ஒரு நாளைக்குப் பத்து முறை, பதினைந்து முறை போக வைக்கும் நோய். குரோன்ஸ் என்பது இதன் உடன்பிறப்பு. அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரும். இரண்டையும் சேர்த்துக் குடல் அழற்சி நோய் என்கிறார்கள். முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கலாம், நன்றாகவே வாழலாம்.

அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவை. நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இந்த நோய்க்குச் செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் ஒரு பச்சை அட்டை நோட்டில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். எந்த மருந்து என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்கலாம் என்பதை நான் சொல்ல முடியும்.

என் மகனுக்கு 24 வயது. குரோன்ஸ் நோய். மாத்திரைகளுக்கு அடங்கவில்லை என்று இன்ஃப்ளிக்சிமாப் என்ற ஊசி போடச் சொல்கிறார்கள். ஒரு தவணைக்கு 75,000 ரூபாய் ஆகுமாம். அவன் ஆஃப்செட் அச்சகத்தில் 17,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறான். நகையை விற்று முதல் மூன்று தவணை போட்டுவிடுவோம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்யட்டும்?
— ஒரு தாய், சிவகாசி

அம்மா, நகைக்கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இந்த ஊசி மூன்று தவணையோடு முடிவதில்லை. முதல் நாள், இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், அதன் பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு முறை. முதல் வருடத்தில் மட்டும் எட்டுத் தவணை. நீங்கள் சொன்ன தொகையில் 6 லட்சம். அடுத்த வருடம் ஆறோ ஏழோ தவணை. நகையை விற்று மூன்று போட்டு, கையில் காசில்லாமல் நிறுத்தி, ஆறு மாதம் கழித்து மறுபடி ஆரம்பித்தால் என்ன ஆகும் தெரியுமா? இடைவெளியில் உடம்பு அந்த மருந்துக்கே எதிர்ப்பை உருவாக்கிக்கொள்ளலாம். அதன் பிறகு மருந்து வேலை செய்யாமல் போகலாம், ஒவ்வாமையும் வரலாம். 2,25,000 ரூபாயும் போய், ஒரு நல்ல மருந்தும் கைவிட்டுப் போகும். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இந்த ஊசியில் இடமே இல்லை. உங்கள் கணவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

முதலில் மகனின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. என்று 127 ரூபாய் சொச்சம் பிடித்திருக்கிறார்களா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், ஈ.எஸ்.ஐ.க்குள் வரும் நிறுவனத்தில் தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டியாக வேண்டும். பிடித்தம் இருந்தால் உங்கள் மகன் ஈ.எஸ்.ஐ. உறுப்பினர். அங்கே ஒருவருடைய சிகிச்சைக்கு இத்தனை ரூபாய்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. டிஸ்பென்சரியில் ஆரம்பித்து, மதுரை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வழியாகப் பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போக வேண்டியிருக்கும். அலைச்சல் உண்டு, நாள் பிடிக்கும். ஆனால் 6 லட்சத்துக்காக அலையலாம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை தருவார்கள். அதற்கு ஆறு மாதக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்கு அவன் பெயரில் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். பிடித்தமே இல்லை என்றால் ஏன் இல்லை என்று அச்சகத்தில் கேளுங்கள். கேட்பது அவன் உரிமை.

ஈ.எஸ்.ஐ. இல்லையென்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. எந்தெந்த சிகிச்சைக்குச் செல்லும் என்பதற்குத் தனிப் பட்டியல் உண்டு. அதனால் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தே கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

அடுத்தது அந்த 75,000 ரூபாய். அதைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஊசி எவ்வளவு, படுக்கை எவ்வளவு, மற்றவை எவ்வளவு? மருந்து 100 மில்லிகிராம் குப்பிகளில் வருகிறது. வழக்கமான அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம். மகன் 54 கிலோ என்றால் 270, அதாவது மூன்று குப்பி. 61 கிலோ என்றால் 305. அந்த 5 மில்லிகிராமுக்காக நான்காவது குப்பியை உடைக்கத்தான் வேண்டுமா என்று டாக்டரிடம் தைரியமாகக் கேட்கலாம். தனி அறையில் போடாமல் டே கேர் படுக்கையில் போடலாமா என்றும் கேளுங்கள். வெளி மருந்துக்கடையில் விலை குறைவாகக் கிடைத்தால் அனுமதிப்பார்களா என்பதும் முக்கியமான கேள்வி. வாங்கினால் 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே கொண்டு வர வேண்டும்.

கடிதத்தின் அடியில் "காப்பி மருந்து போடலாமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதன் பெயர் பயோசிமிலர். போலி மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். முதல் கம்பெனியின் மருந்துக்கு நிகரானது என்று பரிசோதித்துக் காட்டிய பிறகு அனுமதி பெற்ற மருந்து அது. நார்வே அரசின் பணத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. இன்ஃப்ளிக்சிமாப் போட்டுக்கொண்டிருந்தவர்களை பயோசிமிலருக்கு மாற்றினார்கள். பழையதையே தொடர்ந்தவர்களைவிட அவர்கள் நிலைமை மோசமாகவில்லை. அடாலிமுமாப் என்ற இன்னொரு ஊசியின் முதல் பயோசிமிலரை உலகத்திலேயே முதலில், 2014 டிசம்பரில், விற்பனைக்குக் கொண்டுவந்தது நம் அகமதாபாத்தின் சைடஸ் கம்பெனி. இதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டிலேயே தோலுக்கடியில் போட்டுக்கொள்ளலாம். படுக்கைச் செலவு இல்லை, ஒரு நாள் சம்பளமும் போகாது. இரண்டு மருந்துக்கும் ஒரு வருடக் கணக்கைப் போட்டு ஒப்பிடுங்கள். ஒரு தவணை விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். சில கம்பெனிகள் இத்தனை வாங்கினால் இத்தனை இலவசம் என்று நோயாளி உதவித் திட்டமும் வைத்திருக்கின்றன. கேட்டால்தான் சொல்வார்கள்.

இன்னொன்றையும் பயப்படாமல் கேளுங்கள்: அறுவை சிகிச்சை பொருந்துமா? சிறுகுடலின் கடைசிப் பகுதியில், கொஞ்ச நீளத்துக்கு மட்டும் நோய் இருப்பவர்களை வைத்து நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. அந்தத் துண்டை லேப்ராஸ்கோப்பியில் எடுத்தவர்களும் இன்ஃப்ளிக்சிமாப் போட்டவர்களும் ஒரு வருடம் கழித்து ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நலமாக இருந்தார்கள். அறுவை என்றால் கடைசிக் கட்டம் என்று நாம் நினைக்கிறோம். உங்கள் மகனைப் போன்ற சிலருக்கு அது முதலிலேயே யோசிக்க வேண்டிய வழியாக இருக்கலாம். நோய் திரும்பி வர வாய்ப்பு உண்டு என்பதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

ஊசி என்று முடிவானால் அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுப்பார்கள். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். இந்த ஊசி, உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் காசநோயை எழுப்பிவிடும். நம் நாட்டில் அது நிஜமான ஆபத்து.

என் கணவருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். எட்டு மாதமாக எந்தத் தொந்தரவும் இல்லை. மெசலமின் மாத்திரைக்கே மாதம் 2,000 ரூபாய் போகிறது. நன்றாக இருக்கும்போது எதற்கு என்று நிறுத்தப் பார்க்கிறார்.
— வாசகி, தஞ்சாவூர்

நிறுத்த விடாதீர்கள். நானே நிறுத்திப் பார்த்தவள்.

2013 ஜூன். மகளுக்குப் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை. என் மாத்திரைக்கு அப்போது மாதம் 1,600 ரூபாய். உடம்பு நன்றாக இருந்தது. மூன்று மாதம் மட்டும் நிறுத்துவோம் என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். மிச்சமானது 4,800 ரூபாய். செப்டம்பர் கடைசியில் ரத்தம் போக ஆரம்பித்தது. ஒன்பது நாள் மருத்துவமனை, இரண்டு யூனிட் ரத்தம், பில் 1,12,000 ரூபாய். சம்பளமில்லா விடுப்பு 41 நாள். அந்தப் பக்கத்தை நோட்டில் மடித்து வைத்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்தத் தோன்றும்போதெல்லாம் அதைத்தான் திறக்கிறேன்.

மாத்திரைதான் அவரை நன்றாக வைத்திருக்கிறது. செலவைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. மெசலமினும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசத்தியோப்ரின் மாத்திரையும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அளவும், மெதுவாகக் கரையும் வகையா என்பதும் சீட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிட்டு மாறுங்கள். சல்ஃபாசலசின் என்ற பழைய மாத்திரையும் இருக்கிறது. விலை மிகக் குறைவு, கொலைட்டிஸுக்கு நன்றாகவே வேலை செய்யும். சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது. ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும், நிறுத்தினால் சரியாகிவிடும். குழந்தைக்குத் திட்டமிருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். நோய் ஆசனவாய்க்கு அருகில் மட்டும் இருந்தால், விழுங்கும் மாத்திரையைவிட உள்ளே வைக்கும் சப்போசிட்டரி அதிகம் பலன் தரும். கூச்சத்தில் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பலர் வீணாகப் பணம் செலவழிக்கிறார்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை பட்டையே சில ரூபாய்தான். போட்ட மூன்றாம் நாள் கேட்கிறது. அதையே தொடர்ந்தால் என்ன?
— வாசகர், காரைக்குடி

நோட்டில் எழுதாத செலவு அதில்தான் அதிகம். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை வரும், முகம் வீங்கும். ஸ்டீராய்டு தீயை அணைக்கிற தண்ணீர் மாதிரி. வீட்டுக்குள் தினமும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தால் சுவர் நிற்குமா? குறுகிய காலத்துக்கு, டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டிய மருந்து அது. வருடத்துக்கு இரண்டு முறை ஸ்டீராய்டு தேவைப்படுகிறதென்றால், இப்போது சாப்பிடும் மருந்து போதவில்லை என்று அர்த்தம். உடனே டாக்டரைப் பாருங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

மனைவிக்கு இன்ஃப்ளிக்சிமாப் போட்டு ஆறு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 24 மணி நேரம் படுக்கவில்லை என்று இன்சூரன்ஸ் கிளெய்மை நிராகரித்துவிட்டது. இனி என்ன வழி? என் தம்பிக்கும் இதே நோய். அவன் பாலிசி எடுக்கும்போது நோயைச் சொல்லாமல் விடலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

நிராகரிப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அதோடு முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளில், பாலிசிகள் விலக்கிவைக்கக் கூடாத பன்னிரண்டு நவீன சிகிச்சைகளைக் குறிப்பிட்டது. அதில் ஒன்று, ஊசியாகப் போடப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி. இன்ஃப்ளிக்சிமாப் அந்த வகை மருந்து. சில பாலிசிகள் இவற்றுக்குத் தனியாக ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும். அதனால் பாலிசிப் புத்தகத்தில் "நவீன சிகிச்சைகள்" என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஊசி போடப்பட்டது" என்று மொட்டையாக இருந்தால், டே கேரில் சேர்த்து, கண்காணிப்பில், மோனோகுளோனல் ஆன்டிபாடி ரத்தக்குழாய் வழியாக ஏற்றப்பட்டது என்று விவரமாக எழுதித் தரும்படி கேளுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதினாலே போதும். என் அலுவலகத் தோழி ஒருத்தியின் கிளெய்ம் மூன்று முறை திரும்பி வந்து, இப்படி ஒரு கடிதம் வைத்த பிறகுதான் பணம் வந்தது.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், ஆம்பட்ஸ்மேன் என்பார்கள், போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் வரையிலான விவகாரங்களை எடுப்பார்கள். நிராகரித்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

தம்பி விஷயத்தில் தயவுசெய்து மறைக்காதீர்கள். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியின் ரிப்போர்ட்டில் தேதி இருக்கும். முதல் பெரிய கிளெய்மிலேயே மாட்டிக்கொள்வோம், கட்டிய பிரீமியமும் போகும். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அதே 2019 விதிகளில், ஏற்கெனவே இருந்தால் நிரந்தரமாக விலக்கிவைத்துப் பாலிசி தரலாம் என்று ஒரு நோய்ப் பட்டியலும் இருந்தது. அதில் குரோன்ஸும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் உண்டு. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புதிய சிகிச்சைக்குக் கதவைத் திறந்துவிட்ட அதே கை, நம்மைப் போன்றவர்களை வெளியே நிறுத்தவும் இடம் கொடுத்துவிட்டது. எனக்கு இது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது.

அதனால் தம்பி கையெழுத்துப் போடும் முன், "நிரந்தர விலக்கு" என்று எதையாவது ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்களா என்று வரிவரியாகப் பார்க்கட்டும். ஒரு கம்பெனி மறுத்தால் இன்னொன்றைக் கேட்கட்டும். காத்திருப்புக் காலம் மட்டும் என்றால், 2024 ஏப்ரல் முதல் அது அதிகபட்சம் மூன்று வருடம்தான். எல்லாவற்றையும்விட நல்லது, குழுக் காப்பீடு தரும் வேலை. பல நிறுவனங்களின் குழுப் பாலிசியில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். வேலை மாறும்போது சம்பளத்தோடு இதையும் கேட்டுவிட்டுத்தான் அவன் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டு வருடமாக மலத்தில் ரத்தம் வருகிறது. மூலம் என்று லேகியம், களிம்பு, ஊசி என 40,000 ரூபாய் செலவழித்துவிட்டேன். கொலோனோஸ்கோப்பிக்கு 9,000 கேட்கிறார்கள். அவசியமா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

அவசியம். உள்ளே பார்க்காமல் மூலம் என்று எப்படி முடிவு செய்தார்கள்? நானும் "மூலச்சூடு" என்று ஒரு வருடம் மோரும் வெந்தயமும் குடித்துக்கொண்டிருந்தேன். குரோன்ஸ் நோயாளிகள் சிலர் பௌத்திரம் என்று இரண்டு மூன்று முறை அறுவை செய்துகொண்ட பிறகுதான் குடலைப் பார்க்கிறார்கள். பணம் தடையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். முதலில் மலத்தில் கால்புரோடெக்டின் என்ற பரிசோதனை செய்யலாம். குடலில் அழற்சி இருக்கிறதா என்று ஓரளவு காட்டிவிடும். ஆனால் இரண்டு வருடம் ரத்தம் போயிருக்கிறது, உங்கள் வயதையும் எழுதவில்லை. கொலோனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த மாதமே செய்துகொள்ளுங்கள்.

இந்த நோய்ச் செலவுக்கு 80டிடிபி பிரிவில் வரிச்சலுகை கிடைக்குமா?
— வாசகர், திருநெல்வேலி

கிடைக்காது. அந்தப் பட்டியலில் புற்றுநோய், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, சில நரம்பு நோய்கள், ரத்த நோய்கள், எய்ட்ஸ் ஆகியவைதான் இருக்கின்றன. பழைய வரிமுறையில் இருந்தால் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 80டி-யில் 25,000 வரை கழிக்கலாம். காப்பீடே இல்லாத 60 வயது தாண்டிய பெற்றோருக்கு நீங்கள் மருத்துவச் செலவு செய்தால் 50,000 வரை கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், ரசீதை வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஓர் ஆறுதல்.

அக்கா, எனக்கு 26 வயது. கொலைட்டிஸ் என்று போன மாதம்தான் தெரிந்தது. லேசான நிலை என்கிறார் டாக்டர். வருடத்துக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்? நேராகச் சொல்லுங்கள்.
— வாசகர், சென்னை

தம்பி, என் போன வருடப் பக்கத்தை அப்படியே தருகிறேன். மெசலமின் மாத்திரை 24,600. சப்போசிட்டரி 5,400. டாக்டர் கட்டணம் நான்கு முறைக்கு 2,800. ரத்தப் பரிசோதனைகள் 3,600. கால்புரோடெக்டின் இரண்டு முறை 5,000. கொலோனோஸ்கோப்பி, பயாப்சியோடு 13,500. இரும்புச்சத்து ஊசி 4,100. மொத்தம் 59,000 ரூபாய். இது நோய் அமைதியாக இருந்த வருடம்.

கொலோனோஸ்கோப்பி உனக்கு ஒவ்வொரு வருடமும் வராது. நோய் தொடங்கி எட்டு வருடம் ஆன பிறகு புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது செய்யச் சொல்வார்கள். எனக்கு 15 வருடம் தாண்டிவிட்டதால் அந்தச் செலவு.

நான் மாதம் 5,000 ரூபாய் வங்கியில் ஆர்.டி. போடுகிறேன். வாடகை மாதிரி, சம்பளம் வந்த அன்றே போய்விடும். ஒரு வருடம் முடிந்து வரும் பணத்தில்தான் அடுத்த வருட மருந்து. உனக்கு 3,500-ல் ஆரம்பித்தாலும் போதும். அது போக, கை வைக்காத பணமாக ஒரு லட்சம் சேரும் வரை போனஸ், மிச்சம் எல்லாவற்றையும் தனியாகப் போடு. நோய் திரும்பினால் முதல் வாரத்திலேயே டாக்டரிடம் போக அந்தப் பணம்தான் தைரியம் கொடுக்கும். காசில்லை என்று மூன்று வாரம் வீட்டில் படுத்துக் கிடந்தவர்கள்தான் கடைசியில் ஐ.சி.யு.வுக்குப் போகிறார்கள்.

அப்புறம், ஃப்ளூ, நிமோனியா, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிகளைப் பற்றி அடுத்த முறை டாக்டரிடம் கேள். பின்னால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தேவைப்பட்டால், அதற்கு முன்பே போட்டிருப்பது நல்லது. நோட்டு ஒன்று வாங்கிவிடு. முதல் பக்கத்தில் நோய் தெரிந்த தேதி, உன் எடை, இப்போது சாப்பிடும் மருந்தும் அளவும். பத்து வருடம் கழித்து ஒரு புது டாக்டர் கேட்கும்போது அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டலாம்.